ஏ.சி.யை அணைத்துவிட்டு வந்த மகனுக்கு

மக்கா, இந்தக் கவர் உன் சாப்பாட்டுப் பையில் சப்பாத்திக்கும் ஊறுகாய் பாட்டிலுக்கும் நடுவே எப்படி வந்தது என்று முழிக்காதே. நான்தான் வைத்தேன். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் மேலே இரண்டு வரி, கீழே இரண்டு வரி பார்த்துவிட்டு ஒரு கட்டைவிரலைப் போட்டுவிடுவாய். ருவைஸ் போகிற கம்பெனி பஸ்ஸில் உனக்கு வேறு வேலை கிடையாது, ஜன்னலில் மணலைத் தவிரப் பார்க்கவும் ஒன்றும் இல்லை. அதனால் பைய படி. முதலில் சாப்பிடு. தேங்காய்ச் சட்னி மத்தியானத்துக்கு மேல் தாங்காது, பாத்துக்க.

போன வியாழக்கிழமை நீ பால்கனியில் நின்று போனில் லேனாவோடு பேசியதைக் கேட்டேன். ஒட்டுக்கேட்கவில்லை. ரோலாவில் இந்த ஃப்ளாட்டைக் கட்டினவன் சுவரை அட்டையில் கட்டியிருக்கிறான், அதற்கு நான் என்ன செய்ய? நீ இங்கிலீஷில் பேசினால் அம்மாவுக்குப் புரியாது என்று ஒரு நினைப்பு உனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. எல்லாம் புரிந்தது. "அம்மாவோட விசா என் மேலதான் இருக்கு. நான் வேலையை விட்டா அவங்களும் இந்த ஊரை விட்டுப் போகணும். கல்யாணத்தைப் பத்தி இப்போ பேசாதே, ப்ளீஸ்" என்றாய். அவள் என்ன சொன்னாளோ, நீ போனை வைத்துவிட்டாய். பிறகு உள்ளே வந்து "என்னம்மா சாப்பாடு?" என்று கேட்டாய். உப்புமா என்றேன். உப்புமாவைக் கண்டாலே முகத்தைத் திருப்புகிறவன், ஒரு வார்த்தை சொல்லாமல் முழுசாகத் தின்றுவிட்டுத் தட்டைக் கழுவி வைத்தாய். விஷயம் எவ்வளவு பெரிசு என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

உன்மேல் கோபம் இல்லை என்று சொன்னால் பொய். கோபம் உண்டு, நிறையவே உண்டு. ஆனால் நீ அப்படிச் சொன்னதன் காரணமும் எனக்குத் தெரியும். அப்பா போனபோது முதலில் வந்தது அழுகை இல்லை, அந்த 'கேன்சல்' என்கிற வார்த்தைதான். இந்த அரபு நாட்டில் அந்த வார்த்தைக்கு இருக்கிற பயம் வேறு எதற்கும் கிடையாது. அவர் விசா கேன்சல், அவர் பேரில் நின்ற என் விசாவும் கேன்சல். வந்த நாளிலிருந்து இருந்த ஊர், ஒரு கையெழுத்தில் அந்நியமாகிவிட்டது. அப்போது நீ வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அங்கே இங்கே ஓடி, ஆபீஸ் ஆபீஸாக நின்று, உன் பேரில் எனக்கு விசா எடுத்தாய். அன்றைக்கு சாயங்காலம் வந்து, "இனிமே நான்தான் உங்க கஃபீல், உங்க விசாவுக்கு நான்தான் பொறுப்பு, ஒழுங்கா சொன்ன பேச்சு கேக்கணும்" என்று சிரித்தாய். நானும் சிரித்தேன். பிறகு பாத்ரூமில் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். சந்தோஷத்தில் பாதி, இவன் தலையில் பாரமாகிவிட்டோமே என்று பாதி. வருஷா வருஷம் விசா புதுப்பிக்க நீ என்னை ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப்போகும்போதெல்லாம் அந்தப் பாதி திரும்ப வரும். சரி, அதை இத்தோடு விடுவோம்.

போன கோடையை நினைத்துப் பார் மக்கா. எனக்கு இப்போதெல்லாம் அது நடந்ததா, கனவு கண்டேனா என்றே சந்தேகம். வெளியே பார்க்கிங்கில் காரைத் தொட்டால் கை பொத்துப்போகும் வெயில். பாதி சபை லீவுக்கு ஊருக்குப் போய்விட்டது. சர்ச் ஹாலை மூடிவிட்டு ஆராதனையைப் பக்கத்துக் கட்டடத்துக்கு மாற்றியிருந்தார்கள். அந்த மூடின ஹாலுக்குள்தான் ஜெர்மனியிலிருந்து ஒரு அப்பனும் மகளும், ரைனரும் லேனாவும், வந்து, பெட்டி பெட்டியாக ஒரு குழல் ஆர்கனைப் பிரித்துப் போட்டார்கள். அவர்கள் ஊருக்குப் பக்கத்துக் கிராமத்தில் ஒரு சின்ன சர்ச்சாம். வருகிறவர்கள் குறைந்து, கடைசியில் விற்றே விட்டார்களாம். உள்ளே இருந்த ஆர்கன் ரைனரின் தாத்தா கட்டினது. நம்ம சபையில் கேட்டதும், அவர்களே பிரித்து, கன்டெய்னரில் ஏற்றி, பின்னாலேயே பிளேனில் வந்துவிட்டார்கள். குழல் ஒவ்வொன்றையும் பழைய பூப்போட்ட படுக்கை விரிப்பில் சுற்றியிருந்தார்கள், நினைவிருக்கிறதா? எல்லாம் லேனாவின் அம்மா வீட்டில் விரித்தது. அதில் ஒன்றைக் கேட்டு வாங்கித்தான் நம்ம சோபாவில் போட்டிருக்கிறேன். நீ அதன்மேல் டீயைக் கொட்டினாய்.

ரைனரைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பனை உயரத்துக்கு ஆள், செருப்புக்குள்ளே காலுறை, காதோரம் வெயிலில் வெந்த சிவப்பு. மனுஷர்களோடு பேசுவதைவிட மரத்தோடு பேசுவதுதான் அதிகம். பலகையில் காதை வைத்துத் தட்டுவார், தலையாட்டுவார், மறுபடி தட்டுவார். லேனா அவருக்கு நேர் எதிர். குட்டை முடி, காதில் பென்சில், எதற்கெடுத்தாலும் சிரிப்பு. ஜெபெல் அலி துறைமுகத்திலிருந்து பெட்டி ஏற்றி வந்த பட்டாணிய டிரைவரிடம் இரண்டு நாளில் "மாஃபி முஷ்கில்", அதாவது 'ஒரு பிரச்சினையும் இல்லை', என்று சொல்லக் கற்றுக்கொண்டு, அதை அப்பனுக்கும் சொல்லிக் கொடுத்துவிட்டாள். அந்த மனுஷர் அதற்கப்புறம் எது உடைந்தாலும் "மாஃபி முஷ்கில்"தான்.

குழல்களையெல்லாம் நிறுத்திச் சுருதி சேர்க்கிற நேரம் வந்தபோதுதான் என்னைக் கூப்பிட்டார்கள். அந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருத்தர் ஆர்கனுக்கு உள்ளே ஏணியில் நின்று குழலைத் தட்டிச் சரிசெய்ய வேண்டும். இன்னொருத்தர் வெளியே உட்கார்ந்து ஒரே ஒரு கட்டையை அமுக்கிப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். வழக்கமாகக் கட்டை பிடிப்பது லேனாவின் அம்மாவாம். முழங்காலில் ஆபரேஷன் ஆனதால் வரமுடியவில்லை. லேனாவுக்கோ மேல் குழல்களில் வேலை. பகலில் வீட்டில் சும்மா இருக்கிற ஆள் வேண்டுமென்று போதகர் யோசித்ததும், என் முகம் நினைவுக்கு வந்துவிட்டது போலிருக்கிறது. "எனக்கு ஹார்மோனியமே அரைகுறைங்கய்யா" என்றேன். "வாசிக்க வேண்டாம்மா, ஒரு விரல் போதும்" என்றார். அப்படித்தான் போய் உட்கார்ந்தேன். அந்தக் குடும்பத்தில் கட்டை பிடிப்பது எப்போதும் கல்யாணம் கட்டி வந்தவர்களுடைய வேலையாம். ரைனரின் அம்மா பிடித்தாளாம், பிறகு அவர் மனைவி. ஏன் அப்படி என்று கேட்டேன். "உள்ளே பிறந்த நாங்க எல்லாரும் கத்துவோம் ஆன்ட்டி. வெளியே இருந்து வந்தவங்களுக்குத்தான் பொறுமை உண்டு" என்றாள் லேனா. சொல்லிவிட்டு அப்பனைப் பார்த்தாள். அவர் ஒரு சுத்தியைத் தேடிக் கத்திக்கொண்டிருந்தார்.

அந்தப் பகல்களை உனக்கு எப்படிச் சொல்ல? நீ ருவைஸில் ட்யூட்டியில் இருந்தாய். பூட்டின ஹால், ஏ.சி. குளிர், மேல் கண்ணாடியிலிருந்து தரையில் விழுந்து கிடக்கும் மஞ்சள் வெளிச்சம். நான் ஒரு கட்டையை அமுக்குவேன். உள்ளேயிருந்து ஒரு சுரம் கிளம்பி ஹாலெங்கும் நிறையும். தட்டுகிற சத்தம் 'டிங் டிங்' என்று வரும், சுரம் கொஞ்சம் அசையும், ஆடும், பிறகு ஆட்டம் அடங்கி ஒரு கோடாக நிற்கும். அப்போது உள்ளேயிருந்து ரைனர் "வைட்டர்" என்பார். 'அடுத்தது' என்று அர்த்தமாம். உடனே விரலை எடுத்து அடுத்த கட்டைக்குப் போகவேண்டும். அவர் சொல்வதற்கு முன்னே எடுத்தாலும் திட்டு, சொன்ன பிறகு பிடித்துக்கொண்டிருந்தாலும் திட்டு. பேசக்கூடாது, இருமக்கூடாது. ஒரு கட்டையிலேயே மனசு எங்கெல்லாமோ போய்விட்டு வந்துவிடும். கல்யாணமாகி முதல் தடவை இந்த ஊர் ஏர்போர்ட்டில் இறங்கியபோது முகத்தில் அடித்த ஆவி, உன் அப்பா வேலையிலிருந்து வந்தால் சட்டையில் வரும் தகர வாசனை, நீ ஸ்கூல் பஸ்ஸில் தூங்கி டிப்போ வரைக்கும் போன அன்றைக்கு நான் ரோட்டில் நின்று அலறியது. எல்லாம் ஒரே சுரத்துக்குள் வந்து போகும். "வைட்டர்" என்று கேட்டதும் திடுக்கிட்டு ஹாலுக்குள் வந்து சேர்வேன்.

ஒருநாள் அடியில் இருக்கிற பெரிய மரக்குழலுக்கு வந்தோம். ஆள் உயரத்தைத் தாண்டின குழல் அது. கட்டையை அமுக்கினேன். காதில் கேட்பதைவிட பெஞ்சில்தான் அது தெரிந்தது, உடம்புக்குள் 'ம்ம்ம்' என்று. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஏன் தெரியுமா? நீ கைக்குழந்தையாக இருந்தபோது ஏ.சி. சத்தம் இல்லாமல் தூங்கவே மாட்டாய். இந்த ஊரில் பிறந்த பிள்ளை அல்லவா! லீவுக்கு நாகர்கோவில் போனால், ராத்திரி அமைதியாக இருக்கிறதென்று அழுவாய். ஊரே எழுந்து வந்து பிள்ளைக்கு வயிற்றுவலியா என்று கேட்கும். உன் அப்பாதான் கண்டுபிடித்தார். உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு காதுக்குள் 'ம்ம்ம்' என்று ஏ.சி. போலவே முனகுவார். நீ இரண்டு நிமிஷத்தில் தூங்கிவிடுவாய். அவருக்குத் தொண்டை கட்டிவிடும், ஆனால் நிறுத்தமாட்டார். அதே சத்தம் மக்கா, அந்தப் பெரிய குழல்.

அப்போதுதான் மேலே கூரையில் ஏதோ 'கிர்ர்ர்' என்று நடுங்கியது. கட்டையை விட்டால் நின்றுவிடும், அமுக்கினால் மறுபடி நடுங்கும். ஆர்கன் கட்டுகிறவர்களுக்கு அதைப் போல எரிச்சல் வேறு கிடையாதாம். ரைனர் உள்ளேயிருந்து வெளியே வந்து, ஹால் முழுக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தார். கடைசியில் பீடத்துக்கு வலதுபக்கம் ஏ.சி. காற்று வருகிற கம்பித் தட்டைக் காட்டினார். ஏணியைச் சாய்த்து, ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு ஏறவும் போய்விட்டார். நான் என்னையறியாமல் "வேண்டாம்" என்று தமிழில் கத்திவிட்டேன். அந்த மனுஷர் ஏணியில் ஒரு காலோடு அப்படியே நின்றார்.

என்னென்று சொல்ல? எனக்கு வருகிற இங்கிலீஷில் சொன்னேன். இந்த ஹால் கட்டும்போது ஏ.சி. காற்று போகிற டக்ட் வேலையை எடுத்தது என் வீட்டுக்காரர் கம்பெனி. அந்த ஓரத்துத் தட்டை அவர் கையாலேயே மாட்டினார். நான் அன்றைக்கு அவருக்குச் சோறு கொண்டுவந்திருந்தேன், உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு. அவர் மேலேயிருந்து தட்டை இரண்டு அடி அடித்து, காது கொடுத்துப் பார்த்துவிட்டு, "போதும், இது என்னைவிட அதிக நாள் இருக்கும்" என்றார். அப்படியே இருக்கிறது. ரைனர் முழுசாகக் கேட்டார். "அவரும் காற்றுக்கு வழி செய்கிறவரா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஸ்க்ரூ டிரைவரைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு கீழே இறங்கி, "மாஃபி முஷ்கில்" என்றார். அந்தத் தட்டு இப்போதும் அப்படியேதான் இருக்கிறது. கடைசிப் பாட்டில் அந்த அடிச் சுரம் வரும்போதெல்லாம் 'கிர்ர்ர்' என்னும். சபையில் யாரும் கவனிப்பதில்லை. நான் மட்டும் அதற்காகவே வலதுபக்கம் உட்காருகிறேன். இதை உன்னிடம் இதுவரைக்கும் சொல்லவில்லை.

பிறகு நீ லீவில் வந்தாய். என் முதுகு வலியைப் பார்த்து, நீ போய்க் கட்டை பிடிக்க உட்கார்ந்தாய். நீ பிடித்த அழகு இருக்கிறதே! மேலே லேனா ஏணியில் நின்று என்னவோ முனகிக்கொண்டிருந்தாள். நீ அவளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாய். ரைனர் "வைட்டர்" என்றார். நீ அசையவில்லை. "வைட்டர்!" அசையவில்லை. மூன்றாம் தடவை அவர் போட்ட கூச்சலில் வாட்ச்மேன் உள்ளே ஓடிவந்தான். நீ அப்படித்தான், எல்லாவற்றிலும். பிடித்தால் விடமாட்டாய். ஸ்கூல் சேர்ந்த முதல் நாள் என் சேலைத் தலைப்பைப் பிடித்தவனைப் பிரிக்க இரண்டு டீச்சர் வேண்டியிருந்தது.

மத்தியானம் அவள் உனக்கு ஒரு கண்ணாடிக் குழாயைக் காட்டினாள். உள்ளே தண்ணீர் ஊற்றி, ஆர்கன் காற்றின் அழுத்தத்தை அளக்கிற குழாய். நீ ருவைஸில் தினமும் செய்கிற வேலையும் அழுத்தம் பார்ப்பதுதானே? இரண்டு பேரும் அந்தக் குழாய்த் தண்ணீர் ஏறுகிறதை, இறங்குகிறதை, உலக அதிசயம் போலத் தலையை ஒட்டி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் டிஃபன் பாக்ஸை இரண்டு தடவை தட்டினேன். யாருக்குக் காது கேட்டது?

அந்த வார லீவுக்கு முந்தின சாயங்காலம் ஹாலைப் பூட்டிச் சாவியைக் கொண்டுவரச் சொல்லி உன்னை அனுப்பினார்கள். நீ பூட்டினாய். பூட்டுமுன் லைட்டை அணைத்தாய். ஏ.சி.யையும் அணைத்தாய். சவம், அதற்கு உன்னைக் குறைசொல்ல முடியாது. "ஏ.சி.யைப் போட்டுட்டு எங்கடே கிளம்பிட்டே? கரண்ட் ஆபீஸ் உங்க மாமனார் வீடா?" என்று நான் கத்திக் கத்தி வளர்த்த கை அது. ரூமை விட்டு வெளியே வந்தால் உன் மூளையைக் கேட்காமலே சுவிட்சுக்குப் போய்விடும். வெள்ளி, சனி முழுக்க அந்த ஹால் மூடிக் கிடந்து, ஆகஸ்ட் மாத ஈரம் பூராவும் உள்ளே இறங்கிவிட்டது. திரும்பக் கதவைத் திறந்தபோது சுவரெல்லாம் வியர்த்திருந்தது. ரைனர் நேரே போய்க் காற்று மோட்டாரைப் போட்டார். யாரும் கட்டையைத் தொடவே இல்லை. ஆனால் உள்ளேயிருந்து ஒரு சுரம் தானாகக் கிளம்பி ஊளையிட்டது. பிறகு இன்னொன்று. மரம் ஊறி, வாய் மூட மாட்டாமல் கிடந்தது.

அந்த மனுஷர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! வேலை முழுக்கப் போச்சு, ஊருக்குப் போகிற டிக்கெட்டும் போச்சு. ஜெர்மன் மொழியில் என்னென்னவோ சொல்லிக்கொண்டு வெயிலில் போய் நின்றார். கரண்ட் போயிருக்கும், மெஷின் ட்ரிப் ஆகியிருக்கும் என்று ஆளாளுக்குக் காரணம் சொன்னார்கள். நீயும் அதில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கலாம், ஒருத்தருக்கும் தெரிந்திருக்காது. நீ நேரே வெயிலுக்குப் போய், "நான்தான் அணைச்சேன். பழக்கதோஷத்துல அணைச்சிட்டேன். மன்னிச்சிடுங்க" என்றாய். அவர் உன்னைப் பார்த்தார். உள்ளே லேனா சிரிக்க ஆரம்பித்தாள். வாயைப் பொத்திக்கொண்டும் அடக்க முடியவில்லை அவளுக்கு. தானாக ஊளையிடுகிற ஆர்கனுக்கு முன்னால் உட்கார்ந்து, கண்ணீர் வரச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் அந்தக் கிழவருக்கே உதடு கோணியது. இந்தப் பெண் நம்ம வீட்டுக்கு வந்தால் நன்றாக இருக்குமே என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது, கேட்டியா? உனக்கு எப்போது தோன்றியதோ தெரியாது. எனக்கு அப்போதே தோன்றிவிட்டது.

மரம் காய்ந்து பழைய நிலைக்கு வரும்வரை ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டார்கள். ஏ.சி.யைப் போட்டுவிட்டுச் சும்மா இருக்க வேண்டியதுதான். அந்தச் சும்மா இருந்த நாட்களை நினைத்தால் எனக்கு இப்போதும் மனசு லேசாகிவிடுகிறது. லேனா நம்ம வீட்டில் தரையில் உட்கார்ந்து மீன்குழம்பைக் கையால் பிசைந்து தின்றதும், எலுமிச்சை ஊறுகாயை ஜாம் என்று நினைத்து ரொட்டியில் தடவிக் கடித்ததும்! சாயங்காலம் தேராவில் எல்லோருமாக அப்ரா படகில் ஏறினோம். வெயில் தணிந்து, தண்ணீர் செப்புநிறமாகி, அந்தப் பக்கத்திலிருந்து பாங்கு சத்தம் வந்தது. ஒரு பள்ளிவாசல் முடிக்குமுன் இன்னொன்று தொடங்க, அதற்குள் மூன்றாவது. லேனா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். ரைனர் படகு மோட்டாரில் காதை வைத்துக்கொண்டிருந்தார். நீ அவளைப் பார்த்தாய், நான் உன்னைப் பார்த்தேன். உன் அப்பா இருந்திருந்தால் என் காலை மிதித்து, "அங்க பாரு"ன்னு கண்ணைக் காட்டியிருப்பார். அந்தப் படகு கரைக்குப் போகாமல் அப்படியே போய்க்கொண்டே இருந்தால் போதும் என்று இருந்தது எனக்கு.

மரம் காய்ந்தது, ஆர்கன் பாடியது, அவர்கள் ஊருக்குப் போனார்கள். பிறகு உன் போன் சார்ஜ் நிற்கவே இல்லை. கிறிஸ்துமஸுக்கு லேனா வந்து மோதிரம் மாற்றிக்கொண்டீர்கள். அவர்கள் ஆர்கன் பட்டறைக்கு மேலே உங்கள் இரண்டு பேருக்கும் ஒரு அறையைச் சுத்தம் செய்து வைத்திருப்பதாக ரைனர் போன் செய்தார். "கட்டை பிடிக்க ஆள் வேண்டும், என் மனைவியால் இனி முடியாது, உங்க மகன் 'வைட்டர்' சொன்னா விடக் கத்துக்கிட்டா போதும்" என்றார். எல்லாம் இப்படி வந்து நிற்கும்போது நீ பால்கனியில் போய் நின்று, அம்மா விசா என்கிறாய்.

என்னை நாகர்கோவிலுக்கு அனுப்புவதா, ஜெர்மனிக்கு அழைத்துக்கொள்ள வழி உண்டா என்று நீ லேப்டாப்பில் தேடுவதும் எனக்குத் தெரியும். கேள். நாகர்கோவிலில் நான் லீவுக்கு வந்த விருந்தாளியாகவே இருந்து பழகிவிட்டேன். மூன்றாம் வாரம் எல்லோரும் "எப்பம்மா கிளம்புறே?" என்று அன்பாகக் கேட்பார்கள். ஜெர்மனியில் நான் பனியில் வழுக்கி விழுந்து, உனக்கும் லேனாவுக்கும் ஆஸ்பத்திரி வேலை வைப்பேன். விருந்துக்கு வருகிறேன், பேரப்பிள்ளை பிறந்தால் பறந்து வருகிறேன். ஆனால் இருக்கிற இடம் எனக்கு இதுதான். காலையில் கீழே கராச்சிக்காரன் கடையில் பராத்தா தட்டுகிற சத்தம், பஸ் ஸ்டாண்டு கூச்சல், சாயங்காலம் சர்ச்சில் வலதுபக்கம் அந்தத் தட்டு. உன் அப்பா செய்த வேலை இந்த ஊரில் எத்தனையோ கட்டடத்துக்குள் ஒளிந்து கிடக்கிறது. என் காதுக்கு எட்டுகிறது அது ஒன்றுதான். அதை விட்டுவிட்டு நான் எங்கே போவேன்?

அதனால் நானே ஒரு வேலை பார்த்துக்கொண்டேன். கத்தாதே, பஸ்ஸில் ஆட்கள் இருப்பார்கள். நம்ம பாத்திமாவைத் தெரியுமல்லவா, கீழக்கரைக்காரி, ரோலாவில் ஸ்கூல் யூனிஃபார்ம் கடை வைத்திருக்கிறாளே? ஸ்கூல் திறக்கிற சீசனில் நான் போய் அவளுக்கு அளவெடுத்துக் கொடுப்பேனே. நீ போனில் பேசிய மறுநாள் அவள் கடையில் போய் உட்கார்ந்து அழுதுவிட்டேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "அக்கா, எனக்குக் கடையில ஒரு நம்பிக்கையான ஆள் வேணும்னு நான் எத்தனை நாளா சொல்லிக்கிட்டு இருக்கேன்? நீங்கதான் மகன் இருக்காரு, மகன் இருக்காருன்னு பேச்சை மாத்துவீங்க. என் கடை விசாவுல வாங்க. ஆனா ஒண்ணு, வேலைக்கு லேட்டா வந்தா நான் கத்துவேன்" என்றாள். அவள் புருஷன் தேரா கடையிலிருந்து அன்றைக்கே பேப்பர் எல்லாம் தயார் செய்து அனுப்பிவிட்டார். இந்த வயதில் உன் அம்மா சேல்ஸ் வுமன், பாத்துக்க. கழுத்தில் டேப் போட்டுக்கொண்டு நிற்கப் போகிறேன். பயமாக இருக்கிறதா என்றால், இருக்கிறது. ஆனால் கட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த முதல் நாளும் பயமாகத்தான் இருந்தது.

நீ அங்கே போனால் சிலது நினைவு வைத்துக்கொள். அவர்கள் ரொட்டி கல் மாதிரி இருக்கும், முகத்தைச் சுளிக்காதே. நேரத்துக்குப் போ, நம்ம ஊர் நேரம் அங்கே செல்லாது. அவர்கள் கத்துகிற குடும்பம், பதிலுக்குக் கத்தாதே. ஆனால் மனசில் வைத்துக்கொண்டு உப்புமா தின்கிற மாதிரி பேசாமலும் இருந்துவிடாதே. லேனாவுக்கு அது பிடிக்காது, எனக்கும் பிடிக்காது. தப்பு செய்தால் அன்றைக்கு வெயிலில் போய்ச் சொன்னாயே, அப்படி உடனே போய்ச் சொல். அந்த ஊரில் ஏ.சி. கிடையாதாம். ராத்திரி அமைதியில் உனக்குத் தூக்கம் வராவிட்டால் வெட்கப்படாமல் அவளிடம் சொல், காதோரம் கொஞ்சம் முனகுவாள். எப்படி என்று நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டேன்.

இப்போது ஒரே ஒரு வேலைதான் பாக்கி. விசா பேப்பர் போடுகிற டைப்பிங் சென்டரில் இருக்கிற மலையாளிப் பையன் எல்லா பேப்பரையும் புரட்டிப் பார்த்துவிட்டு, "சேச்சி, எல்லாம் சரியாணு. ஆனா பழைய விசாவை முதல்ல கேன்சல் பண்ணணும். அதை மோன்தான் பண்ண முடியும். நீங்க பண்ண முடியாது" என்றான். அந்த வார்த்தையைக் கேட்டதும் அன்றைய பயம் திரும்ப வந்தது. ஆனால் வெளியே வந்து ஒரு சாயா குடித்து முடிக்குமுன் அது போய்விட்டது. உன் அப்பா பேரில் வந்தேன், உன் பேரில் இருந்தேன், இனிமேல் என் பேரில் இருக்கப் போகிறேன். நீ அடுத்த லீவுக்கு வந்ததும் நாம் இரண்டு பேரும் அங்கே போவோம். நீ கையெழுத்துப் போடும்போது நான் பக்கத்தில்தான் நிற்பேன். அன்றையிலிருந்து நீ என் கஃபீல் இல்லை, என் மகன் மட்டும்தான்.

உன்னால் முடியாது என்று சொல்வாய். மறுபடியும் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பாய். எனக்குத் தெரியும், உன்னைப் பெற்றவள் நான். அன்றைக்கு உள்ளேயிருந்து ரைனர் மூன்று தடவை கத்த வேண்டியிருந்தது. இன்றைக்குச் சொல்வது நான், ஒரு தடவைதான் சொல்வேன். நீ இத்தனை வருஷம் நன்றாகப் பிடித்துக்கொண்டாய் மக்கா. எனக்குச் சுருதி சேர்ந்துவிட்டது. கையை எடு.

வைட்டர்.